பிரசர் கூடியவருக்கு எழும்பும்போது ஏன் தலை சுற்றுகிறது?

வாசகர் கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. 15 வருடங்களாகச் சலரோகமும் 10 வருடங்களாகப் பிரசரும் இருக்கின்றன. மெற்போமின், லொசாட்டன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைட் ஆகிய குளிசைகளை ஒழுங்காக எடுத்துவருகிறார். சலம் போவதற்குச் சிரமப்பட்டதால் மூன்று கிழமைகளுக்கு முன்னர் இரவில் எடுப்பதற்குப் பிரசோசினும் கொடுத்தார்கள். கடந்த பத்து நாட்களில் இரண்டு தரம் விழுந்துவிட்டார். இரண்டு தரமும் விடியப்புறம் நாலு மணியளவில், சலம் போவதற்காகக் கட்டிலில் இருந்து எழும்பிப் போனபோதே விழுந்தார். தலையில் அடிபடவில்லை. ஆனால் கிளினிக்கில் கதிரையில் இருத்தி அளந்தபோது 158/88 இருந்தது. பிரசர் கூடிய மனிதருக்குப் பிரசர் குறைந்தவரைப் போல மயக்கம் வருவது எப்படி? வீட்டு மெசினில் அளந்தால் ஒவ்வொரு தரமும் வேறு இலக்கம் வருகிறது; நாடித்துடிப்பு மட்டும் எப்போதும் 90க்கும் 94க்கும் இடையில் நிற்கிறது. இதற்கிடையில் 16 வயதான என் மகன் பாடசாலைக் காலைக்கூட்டத்தில் மயங்கி விழுந்தான். எங்கள் குடும்பத்தில் இதய வருத்தம் ஏதும் பரம்பரையாக வருகிறதா? நல்லூர்த் தேருக்குப் போகவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நிற்கிறார், கூட்டிச் செல்லலாமா? நான் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை என்பதால் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும். (வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி)

வைத்தியரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் மற்றெல்லாவற்றையும் விட அவசரமானது அந்த மூன்று கிழமைக் கணக்கு. பிரசோசின் தொடங்கிய பின்னர்தான் உங்கள் தந்தையார் விழத் தொடங்கியிருக்கிறார். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல், நாளைக்கோ நாளை மறுநாளோ அவரையும் எல்லாக் குளிசை உறைகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். விழுந்த இரண்டு நாட்களையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். தந்தையாரைப் பார்த்தவுடனேயே பிரசோசினைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் வைத்தியர். அதுவரை இரவில் தந்தையார் தனியாக எழும்பக்கூடாது. கட்டிலின் பக்கத்திலேயே சலப் போத்தல் ஒன்றை வைத்து, கால்களைத் தொங்கவிட்டு இருந்தபடியே சலம் கழிக்கச் செய்யுங்கள். எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு உடைந்தால் அதன் பின்விளைவு பல வேளைகளில் பிரசரை விடக் கடுமையானது என்பதால் இதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

இனி நீங்கள் கேட்ட காரணத்துக்கு வருவோம்.

வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலைவாய்க்காலில் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது இரண்டு விடயங்களைப் பொறுத்தது: இறைக்கும் இயந்திரம் எவ்வளவு நீரை ஊற்றுகிறது, எத்தனை பாத்திகளுக்கு மடை திறந்திருக்கிறது. உடலிலும் அப்படியே. இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை வெளியேற்றுகிறது. அதனை உடல் முழுவதிலும் உள்ள சிறு நாடிகள் சுருங்கியும் விரிந்தும் பங்கிடுகின்றன. இந்த இரண்டும் சேர்ந்துதான் நாம் பிரசர் என்று சொல்லும் குருதியமுக்கம். ஒரு பாத்திக்கு நீர் கூடுதலாகத் தேவைப்பட்டால் மற்றொன்றின் மடையைக் கட்டவேண்டும், அல்லது இயந்திரத்தை விரைவாக ஓடவிடவேண்டும். தோட்டத்தில் அதைச் செய்ய மண்வெட்டியுடன் ஒருவர் நிற்கிறார். உடலில் அந்த வேலையைச் செய்வது நாம் அறியாமலே நடக்கும் ஒரு தெறிவினை.

அந்தத் தெறிவினையின் உணர்கருவிகள் இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று, கழுத்தின் இரு பக்கங்களிலும், குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தில், சிரசுநாடி இரண்டாகப் பிரியும் இடம். அங்கே நாடி சற்றுப் புடைத்திருக்கும். மற்றையது, இதயத்தை விட்டுப் புறப்படும் பெருநாடியின் வளைவு. இவ்விடங்களின் சுவர்களில் உள்ள நரம்பு முனைகள் உண்மையில் அளப்பது அமுக்கத்தை அன்று, சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தந்தையாரின் கதை இதில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் சுவர் இழுபட, கழுத்திலிருந்து ஒன்பதாம் மண்டை நரம்பு வழியாகவும் பெருநாடியிலிருந்து பத்தாம் நரம்பாகிய அலையும் நரம்பு வழியாகவும் நரம்புச் செய்திகளாகிய கணத்தாக்கங்கள் மூளையின் அடிப்பகுதியாகிய நீள்வளைய மையவிழையத்துக்குச் சென்றுகொண்டே இருக்கின்றன. அமுக்கம் கூடினால் அவை நெருக்கமாகச் செல்லும், குறைந்தால் ஐதாகும். ஏதாவது பிழைத்தால் மட்டும் ஒலிக்கும் மணியன்று இது. இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒன்று, அது தணிவதே ஆபத்தின் அறிகுறி.

மூளையிலிருந்து திரும்பிவரும் கட்டளைகள் இரண்டு வகையானவை. அலையும் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம். பரிவு நரம்புகள் அதற்குச் சாட்டை. நரம்புத் தொடர்பு ஏதுமின்றி விட்டால் இதயத்தின் இயல்பான துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100. ஓய்வாக இருக்கும்போது நமக்கு 60 முதல் 80 வரை இருப்பதற்குக் காரணம், அலையும் நரம்பு கடிவாளத்தை ஓயாமல் பிடித்திருப்பதுதான். அது எப்படிப் பிடிக்கிறது என்பதை 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். முதல் இதயத்தின் அலையும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மந்தப்படுத்தி, அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இரண்டாம் இதயத்துக்கு விட்டபோது, நரம்பே தொடாத அந்த இதயமும் மந்தமானது. நரம்பின் முனையில் ஓர் இரசாயனப் பொருள் சுரக்கிறது என்பது அதனால் நிறுவப்பட்டது. அதுவே அசற்றைல்கோலின். உங்கள் மாணவர்களுக்குச் சொல்வதற்கு இதைவிட எளிமையும் அழகும் உள்ள பரிசோதனை எனக்குத் தெரியாது.

கழுத்திலுள்ள உணர்கருவியின் வரலாறும் சுவையானது. கழுத்தின் பக்கத்தை அழுத்தினால் நாடித்துடிப்பு மந்தமாகும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. அலையும் நரம்பு நேரடியாக நசுங்குவதே காரணம் என்று எல்லோரும் எண்ணினார்கள். 1866இல் சியோனும் லுட்விக்கும் முயலின் பெருநாடியிலிருந்து வரும் மெல்லிய நரம்பொன்றைத் தூண்டி, அமுக்கம் இறங்குவதைக் காட்டியிருந்தார்கள். ஆயினும் கழுத்தில் நடப்பதும் அத்தகைய ஒரு தெறிவினையே, நரம்பு நசுங்குவதன்று, அழுத்தப்படுவது சிரசுநாடியின் அந்தப் புடைப்புத்தான் என்பதை ஹெரிங் 1920களில்தான் நிறுவினார். இதைப் படித்துவிட்டு உங்கள் தந்தையாரின் கழுத்தை அழுத்திப் பார்க்கவேண்டாம். முதியவர்களில் அது துடிப்பைச் சில விநாடிகள் முற்றாக நிறுத்திவிடலாம். நாடிச் சுவரில் கொழுப்புப் படிந்திருந்தால் அது பெயர்ந்து பக்கவாதத்தையும் உண்டாக்கலாம். சிலருக்கு இறுக்கமான சேட் கொலர் கூட இந்த இடத்தை அழுத்தித் தலைச்சுற்றைத் தரும்.

இப்போது ஒருவர் கட்டிலில் இருந்து எழும்பி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நின்ற சில விநாடிகளில் 500 முதல் 800 மில்லிலீற்றர் வரையான குருதி புவியீர்ப்பினால் கால்களிலும் அடிவயிற்றிலும் உள்ள நாளங்களுக்கு இறங்கித் தேங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறைகிறது. அத்துடன், படுத்திருக்கும்போது இதயத்தின் மட்டத்திலேயே இருந்த தலை இப்போது அதற்கு மேலே உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றர் இரச அமுக்கம் குறையும் என்பதால், கழுத்தின் மேற்பகுதியில் மட்டும் 15 முதல் 20 மில்லிமீற்றர் வரை கழிந்துவிடும். கழுத்துச் சுவர் தளர்கிறது, கணத்தாக்கங்கள் ஐதாகின்றன, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலேயே அலையும் நரம்பு கடிவாளத்தைத் தளர்த்திவிடுகிறது. பரிவு நரம்புகளின் வேலை இன்னும் இரண்டு மூன்று விநாடிகள் கழித்தே தொடங்கும். கால்களிலும் வயிற்றிலும் உள்ள நாடிகள் முழுமையாகச் சுருங்க மேலும் சில விநாடிகள் செல்லும். சுகதேகியொருவருக்கு நாடித்துடிப்பு 10 முதல் 15 வரை கூடும், மேல் அமுக்கம் பெரும்பாலும் அசையாது, கீழ் அமுக்கம் சிறிது ஏறும். இவ்வளவும் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிடும்.

உங்கள் தந்தையாரிடத்தில் இந்தச் சங்கிலி ஒரே நேரத்தில் பல கண்ணிகளில் நலிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வயதும் பல வருடப் பிரசரும் சேர்ந்து நாடிச் சுவரை விறைக்கச் செய்கின்றன. உணர்கருவி அளப்பது இழுபடுதலை என்று முன்னர் சொன்னேன். விறைத்த சுவர், அமுக்கம் ஏறினாலும் இறங்கினாலும் அதிகம் அசையாது. ஆகவே மூளைக்குச் செய்தி மங்கலாகவே போய்ச் சேரும். மேலும், அமுக்கம் நீண்டகாலம் உயர்ந்தே இருந்தால் அந்த உணர்கருவி உயர்ந்த அளவையே இயல்பானதாக ஏற்றுக்கொண்டுவிடும். பிரசர் கூடியவரின் தெறிவினை அதனைக் குறைக்க ஓயாமல் போராடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அந்த உயரத்தையே காவல் செய்யத் தொடங்கிவிடுகிறது.

அடுத்தது சலரோகம். 15 வருடங்களில் அது காலின் உணர்ச்சி நரம்புகளை மட்டும் பாதிப்பதில்லை. பாதம் விறைப்பதையும் எரிவதையும் நோயாளர் சொல்லுவார். நாடிகளைச் சுருக்கும் பரிவு நரம்புகளும் இதயத்துக்குப் போகும் அலையும் நரம்பும் நலிவதைச் சொல்ல அவருக்கு வழியில்லை. நீளமான நரம்புகளே முதலில் நலியும், அலையும் நரம்போ மண்டையிலிருந்து வயிறுவரை செல்வது. நீங்கள் சாதாரணமாக எழுதிய ஒரு வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன்: நாடித்துடிப்பு எப்போதும் 90க்கும் 94க்கும் இடையில் நிற்கிறது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் துடிப்பு இவ்வளவு விரைவாகவும் இவ்வளவு அசையாமலும் இருப்பது, கடிவாளம் கையை விட்டு நழுவியதைக் காட்டலாம். குருதிச்சோகைக்கும் தைரொயிட் கோளாறுக்கும் துடிப்பு கூடும் என்பதால் அவற்றுக்கான குருதிப் பரிசோதனைகளையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

மூன்றாவது குளிசைகள். அம்லோடிபின் நாடிகளை விரிக்கிறது, லொசாட்டன் அவற்றைச் சுருக்கும் ஒரு சுரப்பின் வேலையைத் தடுக்கிறது, ஹைட்ரோகுளோரோதயசைட் உடலின் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. இவை மூன்றும் அவருக்குத் தேவையான மருந்துகளே. ஆனால் பிரசோசின் செய்வது வேறு. பரிவு நரம்பு நாடிக்கு விடுக்கும் சுருங்கு என்ற கட்டளையை அது நாடியின் சுவரிலேயே மறித்துவிடுகிறது. சலப்பையின் வாயிலும் புரோஸ்டேற் சுரப்பியிலும் அதே வகைக் கட்டளை மறிக்கப்படுவதால்தான் சலம் இலகுவாகப் போகிறது. ஆனால் மருந்து அந்த இடத்தோடு மட்டும் நின்றுவிடாது. ஏற்கெனவே தளர்ந்துபோன தெறிவினையின் எஞ்சிய பலத்தையும் அது எடுத்துவிடுகிறது. தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் இந்த ஆபத்து மிக அதிகம். சலத்துக்காகவே கொடுக்கப்பட்டிருந்தால், குருதியமுக்கத்தில் குறைவாகக் கைவைக்கும் தம்சுலோசின் போன்ற மாற்று மருந்து பொருந்துமா என்று வைத்தியர் பார்க்கலாம்.

ஏன் விடியப்புறம் நாலு மணி? தெறிவினை தளர்ந்தவரின் அமுக்கம் படுத்திருக்கும்போது இறங்காமல் உயர்ந்தே நிற்கும். அந்த உயர்ந்த அமுக்கத்தில் சிறுநீரகங்கள் இரவு முழுவதும் உப்பையும் நீரையும் வடித்துத் தள்ளுகின்றன. அதனால்தான் சலம் அடிக்கடி வருகிறது. அதனால்தான் விடியும்போது குருதியின் கனவளவு நாளின் மிகக் குறைந்த நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த நிலையில் அவர் சூடான படுக்கையை விட்டு எழும்பி, இருட்டில் நடந்து, நின்றபடி சலம் கழிக்கிறார். நிறைந்த சலப்பை அமுக்கத்தை ஏற்றும்; அது வெறுமையாகும்போது அந்த ஏற்றம் திடீரென விலகிவிடும். முக்கினால் நெஞ்சினுள் அமுக்கம் கூடி இதயத்துக்குத் திரும்பும் குருதி இன்னும் தடைப்படும். பிரசர் கூடியவருக்கு மயக்கம் எப்படி வருகிறது என்ற உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: படுக்கையில் கூடியிருக்கும் அதே மனிதருக்குத்தான் நிற்கும்போது அது விழுகிறது, இரண்டும் ஒரே பழுதின் இரு முகங்கள்.

இங்கே ஒரு பழைய ஆய்வைச் சொல்லவேண்டும். 1973இல் கௌலி, கைற்றன் முதலியோர் நாய்களில் இந்த உணர்கருவிகளின் நரம்புகளை அறுத்துவிட்டு அவற்றின் குருதியமுக்கத்தை இரவும் பகலும் தொடர்ந்து அளந்தார்கள். அமுக்கம் நிரந்தரமாக எகிறிவிடும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் நாள் முழுவதற்குமான சராசரி பெரிதாக மாறவில்லை. மாறியது தளம்பல். எழும்பினாலும் படுத்தாலும் உண்டாலும் அமுக்கம் தாறுமாறாக ஏறியிறங்கியது. அமுக்கத்தின் உயரத்தை நாட்கணக்கில் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சிறுநீரகங்களுக்கும் உப்புக்கும் உரியது. அந்த உயரத்தில் தளம்பாமல் நிறுத்துவதுதான் இந்தத் தெறிவினையின் பணி. கதிரையில் இருத்தி ஒரு தரம் அளந்தால் உயரம் ஓரளவு தெரியும், தளம்பல் தெரியாது. நெரிசல் மிக்க கிளினிக்கில் ஒவ்வொருவரையும் படுக்கவைத்து, பின் நிற்கவைத்து அளப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. நானும் இளம் வைத்தியராக இருந்தபோது, இருத்தி அளந்த இலக்கத்தை மட்டும் பார்த்து ஒரு முதியவருக்கு இன்னொரு குளிசையைச் சேர்த்து எழுதினேன். அடுத்த கிழமை அவர் மணிக்கட்டு முறிந்து வந்தார். அதற்குப் பின்னர், எழுபது வயதைக் கடந்த எவருக்கும் நிறுத்தி அளக்காமல் நான் பிரசர்க் குளிசையைக் கூட்டியதில்லை.

ஆகவே வீட்டு மெசினை நீங்கள் இப்படிப் பயன்படுத்துங்கள். காலையில் எழும்பும் முன்னர், அவர் ஐந்து நிமிடங்கள் அமைதியாகப் படுத்திருக்கையில் ஒரு தரம் அளவிடுங்கள். பின்னர் அவரை எழுப்பி நிறுத்தி, ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடங்களிலும் அளவிடுங்கள். கையை இதய மட்டத்தில் தாங்கிப் பிடிக்கவேண்டும், தொங்கவிட்டால் இலக்கம் பொய்யாகக் கூடும். தலை சுற்றினால் அளப்பதை விட்டு உடனே படுக்கவையுங்கள். மூன்று நிமிடங்களுக்குள் மேல் அமுக்கம் 20 அல்லது கீழ் அமுக்கம் 10 குறைந்தால், அது நிற்கும்போது வரும் தாழமுக்கம் என்பது உறுதி. அதே நேரத்தில் நாடித்துடிப்பையும் எழுதுங்கள், ஏனெனில் காரணத்தைப் பிரித்தறிய உதவுவது அதுதான். அமுக்கம் விழும்போது துடிப்பு நன்றாகக் கூடினால் தெறிவினை உயிரோடிருக்கிறது, குறை பெரும்பாலும் நீரிலோ மருந்திலோ இருக்கிறது. அமுக்கம் 30 இறங்கியும் துடிப்பு ஐந்தாறு மட்டுமே கூடினால் நரம்பு நலிந்திருக்கிறது. மூன்று நாட்களின் அளவுகள் போதும். மற்ற வேளைகளில் இலக்கம் மாறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பேசினால், நடந்துவந்தால், சலம் முட்டியிருந்தால், கோபப்பட்டால் அது மாறத்தான் செய்யும்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மகனை இருத்தி, நிமிடத்துக்கு ஆறு தரம் ஆழமாக மூச்செடுத்து விடச்சொல்லி மணிக்கட்டில் நாடியைப் பிடியுங்கள். மூச்சை எடுக்கும்போது துடிப்பு விரைவதையும் விடும்போது தாமதிப்பதையும் உங்கள் விரலே உணரும். சீரற்ற துடிப்பு என்று சிலர் பயந்து வருவார்கள். இளவயதில் இது கடிவாளம் உறுதியாக இருப்பதன் அடையாளம். பின்னர் தந்தையாரிடம் அதையே செய்து பாருங்கள். மூச்சுக்கு ஏற்ப அந்த அசைவு இல்லையென்றால், நான் மேலே சொன்ன நரம்பு நலிவுக்கு அது மேலும் ஒரு சான்று.

குளிசைகளை ஒழுங்குபடுத்துவது வைத்தியரின் பொறுப்பு. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவையும் குறைந்தவையல்ல. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை உயர்த்துங்கள். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது, உடல் முழுவதும் சரிவாக இருக்கவேண்டும். இதனால் இரவில் சிறுநீரகம் நீரை வடிப்பது குறையும். காலையில் எழும்பும் முன்னர் கணுக்கால்களை மேலும் கீழும் பலமுறை அசைத்து, கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடங்கள் இருந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழும்பவேண்டும். கட்டிலில் இருந்தபடியே இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தால் அடுத்த அரை மணித்தியாலத்தில் அமுக்கம் குறிப்பிடத்தக்க அளவு தூக்கிப் பிடிக்கப்படும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ நீர்க் கட்டுப்பாடு சொல்லப்பட்டிருந்தால் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உப்பைக் கூட்டிக் கொடுக்கும்படி யாராவது சொன்னால் கேட்கவேண்டாம், படுத்திருக்கும்போது அவருக்கு அமுக்கம் கூடியிருப்பதால் அது ஆகாது. மதியம் வயிறு நிறையச் சோறு உண்டபின் குடலுக்குக் குருதி திரும்புவதால் அடுத்த இரண்டு மணித்தியாலங்களிலும் அமுக்கம் இறங்கும். சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள், உண்டவுடன் வெயிலில் போகவிடாதீர்கள். சுடுநீர்க் குளிப்பும் நாடிகளை விரிக்கும்.

மகனின் மயக்கம் முற்றிலும் வேறு. அவனுடைய தெறிவினை பழுதடையவில்லை. காலைச் சாப்பாடு இல்லாமல், வெயிலில், அசையாமல் நீண்ட நேரம் நிற்கும்போது கெண்டைக்கால் தசைகள் நாளங்களைப் பிழிந்து குருதியை மேலே தள்ளும் வேலையைச் செய்வதில்லை. சிறிது நேரம் பரிவு நரம்புகள் நாடிகளைச் சுருக்கித் தாக்குப்பிடிக்கின்றன. பின்னர் திடீரென நிலைமை தலைகீழாகிறது: பரிவு நரம்புகள் கைவிட, நாடிகள் விரிய, அலையும் நரம்பு கடிவாளத்தை இறுக்கி இதயத்தை மந்தப்படுத்துகிறது. கொட்டாவி, வியர்வை, வயிற்றுப் பிரட்டல், முகம் வெளிறுதல், கண் இருளுதல், சத்தங்கள் தூரத்தில் கேட்பது ஆகியவை அதற்கு முன்னறிவிப்பு. விழுந்து படுத்தவுடன் தலைக்குக் குருதி திரும்பி அறிவு தெளிந்துவிடும். இந்த இயல்பு சில குடும்பங்களில் கூடுதலாக இருப்பதுண்டு, ஆனால் இது இதய வருத்தமன்று. தாத்தாவின் வருத்தம் பேரனுக்கு இறங்கியதுமன்று.

இருந்தாலும் ஒரு தரம் ஈ.சீ.ஜீ. எடுத்துவிடுங்கள், எல்லா முதல் மயக்கத்துக்கும் அதை நான் கேட்பேன். விளையாடும்போது, ஓடும்போது, படுத்திருக்கும்போது மயங்கினால், அல்லது எந்த முன்னறிவிப்பும் இன்றி விழுந்தால், விழுமுன் நெஞ்சு படபடத்தால், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தால், அது சாதாரண மயக்கமன்று. தாமதமின்றி இதய நிபுணரிடம் காட்டவேண்டும்.

காலைக்கூட்டத்தில் மயங்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் தூக்கிக் கதிரையில் இருத்தி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் பாடசாலையில் இதை மாற்றுங்கள். உடல் தானாகத் தேடிக்கொண்ட மருந்து படுத்தல்தான். நிமிர்த்தி இருத்தினால் மூளைக்குக் குருதி போகாமல் மயக்கம் நீளும், கைகால் வெட்டி இழுக்கவும் கூடும். அப்படிச் சில விநாடிகள் இழுத்தவுடன் அது வலிப்பென்று முடிவுகட்டி, கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் நடக்கின்றன. படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள், காற்றுப்பட விடுங்கள், தெளிந்த பின்னரே குடிக்கக் கொடுங்கள். ஒரு நிமிடம் அளவில் தெளியாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மகனுக்கு, கூட்டத்துக்கு முன்னர் இரண்டு கோப்பைத் தண்ணீரும் ஏதாவது சாப்பாடும் கொடுத்துவிடுங்கள். நிற்கும்போது முன்னறிவிப்பு தோன்றினால் கால்களைக் குறுக்கே பின்னித் தொடைகளையும் இடுப்பையும் இறுக்கி, இரு கை விரல்களையும் கோர்த்து எதிரெதிராக இழுக்கச் சொல்லிக்கொடுங்கள். தேங்கிய குருதியைத் தசைகள் பிழிந்து மேலே அனுப்பிவிடும். அதிலும் அடங்காவிட்டால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே குந்தி இருக்கட்டும்.

நல்லூருக்கு வருவோம். 25 நாள் திருவிழாவில் ஒரு நாளாவது போகாவிட்டால் அவருடைய மனம் ஆறாது என்பதை நான் அறிவேன். கூட்டிப் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குளிசைகள் மாற்றப்பட்டு, நிறுத்தி அளக்கும்போது அமுக்கம் விழுவது குறைந்த பின்னரே போகலாம். தேரன்று சனநெரிசலில் அசையாமல் நிற்பதும், சூட்டில் தோலின் நாடிகள் விரிவதும், வியர்வையில் நீர் போவதும் நாம் இவ்வளவு நேரம் பேசிய எல்லாக் கண்ணிகளையும் ஒன்றாக இழுக்கும். விரதம் என்று தண்ணீரும் குடிக்காமல், வெறும் வயிற்றில் குளிசைகளை மட்டும் விழுங்கிக்கொண்டு வெளிக்கிடுவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. சலரோகக் குளிசையும் எடுப்பவர் என்பதால், விரத நாட்களில் எதை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். மடக்குக் கதிரை ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள். தேர் வீதியில் வரும்போது நெரிசலுக்குள் நிற்காமல், ஒதுங்கிய நிழலில் அவரை இருத்தி அங்கிருந்தே கும்பிட விடுங்கள். தேர் தாண்டிப்போகும்போது அவர் கட்டாயம் எழும்பி நிற்கப் பார்ப்பார். அந்த நேரத்தில் மகனை அவருடைய பக்கத்தில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேர் இருப்புக்கு வந்த பின்னர், சனம் கலைந்து போகட்டும், நீங்கள் கடைசியாக வெளிக்கிடுங்கள்.